வண்டி கிளம்பவில்லையா? பேட்டரியை மாற்றுமுன் பாருங்கள்

விடியற்காலையில் கும்பகோணத்துக்குச் சரக்கெடுக்கப் புறப்படும்போது லோடு வேன் கிளம்பாவிட்டால் அன்றைய வியாபாரமே கெட்டுவிடும். அந்த அவசரத்தில் ‘பேட்டரி போய்விட்டது’ என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிவிடும் வணிகர்கள் நம்மில் உண்டு.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி ‘டக் டக்’ என்று கேட்டால் மின்சாரம் போதவில்லை. மங்காமல் ஒரே ஒரு ‘டக்’ என்றால் செல்ஃப் மோட்டாரைப் பார்க்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பேட்டரிமேல் பழி வேண்டாம்.

மின்சாரம் போதாவிட்டாலும் பேட்டரி கெட்டதாக அர்த்தமில்லை. காரைக்காலின் உப்புக்காற்றுக்கு டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, முதலில் கறுப்பு வயரையும் பிறகு சிவப்பையும் கழற்றுங்கள். நாம் விற்கும் ஆப்ப சோடாவையே வெந்நீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம். செல்லுக்குள் அது இறங்கக் கூடாது. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். ஈரம் துடைத்து, சிவப்பை முதலில் மாட்டி, இறுக்கி, வாசலின் தடவுங்கள். செலவு சில ரூபாய்தான்.

அப்படியும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் குற்றம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரில். புது பேட்டரியும் இறங்கிவிடும். கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்திச் சரக்கு இறக்கும் வண்டிக்கு சார்ஜ் ஏற நேரமே கிடைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

மாற்றியே தீரவேண்டுமென்றால் பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். மளிகைச் சாமான் பக்கத்தில் ஒருநாள்கூட வைக்க வேண்டாம்.