முடி சொல்லும் சாட்சி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சலூனில் நான் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து வந்து நம்மோடு படிக்கும் நண்பன் பக்கத்தில் காத்திருந்தான். கீழே விழுந்த முடியைக் காட்டி, "இதை லேபுக்கு அனுப்பினா உடம்புல இருக்கிற விஷத்தைச் சொல்லிடுவாங்களாமேடா? எங்க அண்ணன் பேட்டரி ஷாப்புல ஈயத்தை உருக்குறாரு. அவரு முடியை அனுப்பலாமா?" என்றான். பதில் தேடியபோது தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதில் கந்தகம் அதிகம். ரத்தத்தில் வரும் பாதரசம், ஆர்சனிக் போன்றவை அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஆகவே வேரை ஒட்டிய 1 செ.மீ. போன மாதக் கதை. அடுத்தது அதற்கு முந்திய மாதக் கதை. ஆக, முடி ஒரு டைரி!

இந்த டைரி உதவிய இடங்கள் உண்டு. 1971-72-ல் இராக்கில், மெத்தில் பாதரசம் கலந்த விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அங்கு 459 பேர் இறந்தார்கள். தாய்மாரின் கூந்தலைத் துண்டு துண்டாக ஆராய்ந்து, கர்ப்ப காலத்தில் எவ்வளவு பாதரசம் ஏறியது என்று கணக்கிட்டார்கள். மேற்கு வங்காளத்தில் குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்திருந்தபோது, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் கிராம மக்களின் முடி, நகம், சிறுநீரைச் சோதித்தார்கள்.

சோதனை எப்படி? பின்னந்தலையில் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கத்தை அடையாளம் வைத்து, கழுவி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கருவியில் அளப்பார்கள்.

சரி, அண்ணனுக்கு இது உதவுமா? உதவாது! பட்டறைத் தூசியில் உள்ள ஈயம் வெளியிலிருந்தும் முடியில் ஒட்டும். கழுவினாலும் முழுசாகப் போகாது. உள்ளே போனது எது, மேலே ஒட்டியது எது என்று பிரிக்க முடியாது. லேபுகளும் ஒரே மாதிரி சொல்வதில்லை. 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே ஆளின் முடியை 6 லேபுகளுக்கு அனுப்பினார்கள். பல தனிமங்களின் அளவு 10 மடங்குக்கு மேல் வேறுபட்டது!

ஆகவே நண்பர்களே, விஷத்துக்கு ஏற்ற சோதனை வேண்டும். ஈயத்துக்கு ரத்தம். தெர்மாமீட்டர் உடைந்து வரும் பாதரச ஆவிக்குச் சிறுநீர். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சிப் பகுதியில் 60 பேருக்கு மேல் பலிகொண்ட மெத்தனாலுக்கு உடனடி ரத்தப் பரிசோதனை. அங்கே முடி வளரும்வரை காத்திருக்க முடியுமா?

நண்பன் அண்ணனை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனான். ஈயம் அதிகம்தான். இப்போதெல்லாம் அண்ணன் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடுவதில்லை. வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்குவதும் இல்லை. நாளை நாமும் பட்டறைக்குப் போகப் போகிறவர்கள்தானே?