குடலை இட்லியும் தூரத்து டெவலப்பரும்

எப்படி இயங்குகிறது?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லியைப் போடத் தெரிந்தவரிடம் சுக்கு எவ்வளவு என்று கேட்டால், "கை அளவுதான்" என்பார். பக்கத்தில் நிற்பவருக்கு அந்தப் பதில் போதும். மாவின் புளிப்பு மூக்குக்குத் தெரியும், ரவைப் பதம் விரலுக்குத் தெரியும். நாளடைவில் கை பழகிவிடும். அதே இட்லியை ஒருவர் தென்காசியில் இருந்துகொண்டு போட வேண்டுமென்றால்?

அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும் மென்பொருள் குழுவில், வேறு ஊரிலிருந்து ஒரு டெவலப்பர் சேரும்போது எழுகிற கேள்வி இதுதான். பழையவர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கிறார்கள். புதியவருக்கு வாசனை எட்டாது. அவரைக் குழுவோடு சேர்ப்பது என்றால், வாசனையாக மட்டுமே இருப்பதை எல்லாம் எழுத்தாக்குவது. இதில் பாதிக்கு மேல் பழையவர்களின் வேலை.

1. முதலில் பாத்திரம்

மூங்கில் குடலையும் மந்தாரை இலையும் வந்து சேராதவரிடம் மாவைக் கொடுத்துப் பயனில்லை. லேப்டாப், மின்னஞ்சல், நிரல் இருக்கும் ரெப்போவுக்கான அனுமதி, விபிஎன் எல்லாம் முதல் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்றால் எழுந்துபோய்க் கேட்டுவிடுவார். தூரத்தில் இருப்பவருக்கு அதற்கே ஒரு நாள் போகும்.

குழுவின் நிரலைப் புதியவர் தன் கணினியில் ஓடவைக்கும் வழியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பில் அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ, அந்த இடத்தை அவரையே திருத்தி எழுதச் சொல்லலாம். பழகிய கண்ணுக்குப் படாத ஓட்டை புதுக்கண்ணுக்குத்தான் படும்.

2. பக்குவம் எழுத்தில்

பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, நெய் என்று பட்டியல் போடுவது எளிது. மாவை ஏன் நைசாக அரைக்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருந்தால்தான், மாவு மாறும்போது தூரத்தில் இருப்பவரால் சொந்தமாக முடிவெடுக்க முடியும். நிரலுக்கும் அப்படியே. இந்த டேட்டாபேஸை ஏன் எடுத்தோம், எந்த வழியை ஏன் கைவிட்டோம் என்று முடிவும் காரணமும் தேதியோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு முன்னோடி லினக்ஸ் இயங்குதளம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தப் பணியில், ஒருவரையொருவர் நேரில் காணாத பலர் உலகெங்கும் இருந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதுவது அங்கே கட்டாயம். அந்த மாற்றங்களை நிர்வகிக்கத்தான் 2005 ஏப்ரலில் அவர் கிட் மென்பொருளை உருவாக்கினார். இன்று ஒரே அறையில் இருக்கும் குழுக்கள்கூட அதைத்தான் பயன்படுத்துகின்றன.

3. முதல் வேலை சிறியது, முழுமையானது

புதியவரிடம் முதல் நாளே முழு அண்டாவையும் ஒப்படைப்பதும் தவறு, மாதக்கணக்கில் மிளகு மட்டும் உடைக்கவைப்பதும் தவறு. ஒரே ஒரு குடலை, அரைப்பது முதல் இலையில் வைப்பது வரை, அவர் கையாலேயே நடக்கட்டும். நிரலில் இது ஒரு சின்ன பிழைத் திருத்தம். அதை நிரலின் தனி பிராஞ்சில் (கிளையில்) எழுதி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, சோதனைகளைத் தாண்டி, வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை அவரே கொண்டுபோனால், குழுவின் எல்லா நிலைகளும் ஒரே வாரத்தில் பழகிவிடும்.

4. ருசி பார்த்தல்

குடலை இட்லி மணிக்கணக்கில் ஆவியில் வேகும். நடுவில் உப்பு சேர்க்க முடியாது. ருசியை மாவிலேயே பார்த்துவிட வேண்டும். கோட் ரிவ்யூ அந்த இடத்தில் நிற்கிறது. தானியங்கிச் சோதனை முதலில் பார்க்கும், பிறகு சக டெவலப்பர் பார்ப்பார். இங்கே இரண்டு சிக்கல்கள். ரிவ்யூ தாமதமானால் தூரத்தில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அது யார் கண்ணிலும் படாது. அடுத்து, முகம் தெரியாத எழுத்து சுருக்கென்று தைக்கும். "இது தப்பு" என்பதைவிட "பட்டியல் காலியாக வந்தால் இந்த வரி என்ன செய்யும்?" என்று கேட்பது பிழையையும் காட்டும், மனிதரையும் காக்கும்.

5. சேர்ந்திருக்கும் நேரம்

காஞ்சியில் மாலை 5.30 என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பகல் 12, கோடையில் 1. கலிஃபோர்னியாவோடு வித்தியாசம் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம். பொதுவாகக் கிடைக்கும் சில மணி நேரத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை எழுத்தில் நடத்துவதே வழி. மாவு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போனால், அடுத்த ஷிஃப்ட் தொடங்கலாம்.

ஒரே மாநிலத்தில் இருந்தாலும் ஒரு கண்டிப்பு தேவை: ஒருவர் திரையில் இருந்தால் எல்லோரும் அவரவர் லேப்டாப்பில் இருந்தே கூட்டத்தில் சேர வேண்டும். டீக்கடையில் எடுத்த முடிவு குழுவின் சாட்டில் எழுதப்படாதவரை முடிவல்ல.

6. கூடும் செலவு

தாமதமான மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிவியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார். ஆறு பேர் குழுவில் பேசிக்கொள்ளும் இணைகள் 15. ஏழாமவர் வந்ததும் 21. அதனால் தொடக்க வாரங்களில் புதியவருக்கு ஒரே ஒரு துணையாளர் போதும். எந்தச் சந்தேகமும் அவர் வழியாகப் போகட்டும். அந்தத் துணையாளரின் சொந்த வேலை குறையும் என்பதை அட்டவணையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் நிறுவனமான சோஹோ வேறொரு வழியை எடுத்தது. அதன் தலைமையகம் கூடுவாஞ்சேரி அருகே, 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த பகுதியில் இருக்கிறது. 2011இல் அது தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. ஆட்களைத் தனித்தனியாக வீட்டில் விடாமல், சிற்றூரிலேயே இன்னொரு அடுப்பை மூட்டியதால் புதியவருக்குப் பக்கத்தில் ஆள் கிடைத்தது. ஆனால் இரண்டு அடுப்புக்கும் ஒரே பக்குவம் வேண்டும் என்பதால் எழுதும் வேலை அங்கும் குறையாது.

புதியவர் சேர்ந்துவிட்டாரா என்று அறிய, அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாரா என்று பார்ப்பது ஏமாற்றும். தயங்கி ஒதுங்கியவரும் கேட்க மாட்டார். அலுவலகத்தில் இருக்கும் மூத்தவர், தான் எழுதிய நிரலை அவரிடம் ரிவ்யூவுக்கு அனுப்புகிறாரா என்று பாருங்கள்.