யமஹா டிஎக்ஸ்7

யமஹா டிஎக்ஸ்7 என்பது ஜப்பானின் யமஹா நிறுவனம் 1983 ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் சிந்தசைசர் (மின்னணு இசைத்தொகுப்பி) ஆகும். 61 கட்டைகள் கொண்ட இக்கருவியில் ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலிக்கச் செய்யலாம். உலகெங்கும் பெருமளவில் விற்பனையான முதல் டிஜிட்டல் சிந்தசைசர் இதுவே. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன.

தோற்றம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற ஜான் சௌனிங், 1967 இல் கணினியில் ஒலி அசைவுகளை ஆராய்ந்தபோது இக்கருவியின் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டறிந்தார். அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. யமஹா அனுப்பிய இளம் பொறியாளர் கசுகியோ இஷிமுரா அதன் பயனை உடனே புரிந்துகொண்டார். யமஹா உரிமம் பெற்றது. 1973 இல் சௌனிங்குக்கு நிரந்தரப் பணி வழங்க மறுத்த பல்கலைக்கழகம், பின்னர் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1977 இல் கிடைத்த காப்புரிமை, அப்பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கும் அதிகமான வருவாயை ஈட்டித் தந்தது.

செயற்படும் முறை

இதன் அடிப்படை, மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் வரும் அதிர்வெண் பண்பேற்றம் ஆகும். பண்பலை வானொலியில் ஊர்தி அலையின் அதிர்வெண் நம் செவிக்கு எட்டாத அளவு உயர்ந்தது. டிஎக்ஸ்7 இல் ஊர்தி அலை, பண்பேற்றும் அலை ஆகிய இரண்டுமே செவிக்குப் புலப்படும் எல்லையில் அமையலாம்.

440 ஹெர்ட்ஸ் ஒலியை நொடிக்கு 6 முறை பண்பேற்றினால் சுரம் நடுங்குவதுபோல் கேட்கும். பண்பேற்றும் அலையையும் 440 ஹெர்ட்ஸாக உயர்த்தினால் நடுக்கம் மறையும். 880, 1320 ஹெர்ட்ஸ் போன்ற மேற்சுரங்கள் தோன்றி ஒலியின் பண்பே மாறிவிடும். இரு அதிர்வெண்களின் விகிதம் எளிய முழு எண்களில் அமைந்தால் சுருதி தெளிவாக இருக்கும்; அமையாவிட்டால் மணியோசை போன்ற உலோக ஒலி பிறக்கும். கட்டையை அழுத்தும் வேகத்திற்கேற்பப் பண்பேற்றம் மிகுந்து ஒலி கூர்மையடையவும் செய்யலாம்.

இவ்வாறான அலைகளை உருவாக்கும் 6 அலகுகளை 32 வகைகளில் இணைக்க இக்கருவி இடமளித்தது.

செல்வாக்கு

அமெரிக்காவில் இதன் விலை 2000 டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஆயினும் சிறிய திரையையும் பொத்தான்களையும் கொண்டு புதிய ஒலியை அமைப்பது கடினமாக இருந்தது. ஆகவே பலரும் ஆலையிலேயே பதிந்து தரப்பட்ட ஒலிகளை வாசித்தனர். அதிலிருந்த மின்பியானோ ஒலி 1980களின் எண்ணற்ற காதல் பாடல்களில் இடம்பெற்றது. கருவி எளிதில் கிடைத்ததால் இசை பரவலாயிற்று. அதே காரணத்தால் பாடல்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்ற குறையும் எழுந்தது.

தமிழ்த் திரையிசையில்

வயலின், புல்லாங்குழல், தபேலா முதலியவற்றை வாசிப்போர் ஒன்றாக அமர்ந்து வாசிக்கப் பாடலைப் பதிவு செய்வதே சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் வழக்கமாக இருந்தது. இதே தொழில்நுட்பத்தை எளிய வடிவில் கொண்ட யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியை, கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜா பயன்படுத்தினார். அக்காலத்தில் அவரது இசைக்குழுவில் கீபோர்டு வாசித்த ஏ. ஆர். ரகுமான், 'ரோஜா' (1992) படத்தின் வழியே மின்னணு இசையைத் தமிழ்த் திரையிசையின் மையத்துக்குக் கொண்டுவந்தார்.

சிந்தசைசர், சீக்வென்சர், சேம்பிளர் ஆகியவை சேர்ந்து, பலர் வாசித்த பகுதிகளை ஓரிருவரே அமைக்க வழிசெய்தன. குறைந்த செலவில் பாடல்களைப் பதிவு செய்ய முடிந்தது. ஒலிப்பதிவுக்கு வாசித்து வாழ்ந்த கலைஞர்களுக்கோ வாய்ப்புகள் சுருங்கின.

பிற்காலம்

ரோலண்ட் டி-50 (1987), கோர்க் எம்1 (1988) ஆகியவை இதன் இடத்தைப் பிடித்தன. எனினும் இதே முறையிலான யமஹா சில்லுகள் கணினி ஒலி அட்டைகளிலும், சேகா விளையாட்டுக் கருவியிலும், பழைய கைப்பேசிகளின் அழைப்பொலிகளிலும் தொடர்ந்தன. காப்புரிமைக் காலம் 1990களில் முடிந்தது. டிஎக்ஸ்7 இன் இயக்கத்தைக் கணினியில் அப்படியே நிகழ்த்தும் 'டெக்ஸ்ட்' என்ற மென்பொருள் இன்று இலவசமாகக் கிடைப்பதால், மாணவர்கள் இம்முறையைச் செலவின்றிக் கற்கலாம்.