பிளான் வரைய எவ்வளவு கேட்கலாம்?

(மூன்றாமாண்டு அமைப்பியல் மாணவி)



நான்காவது செமஸ்டர் முடிவதற்குள் நம்மில் பலருக்கு வெளியிலிருந்து வேலை வந்துவிடுகிறது. தெருவில் ஒரு மாமா, "மாடி எடுக்கணும், ஒரு பிளான் போட்டுக் குடும்மா" என்பார். இன்ஜினியர் ஆபீசில், "காலேஜ் பசங்க யாராச்சும் ஆட்டோகேட் தெரிஞ்சா அனுப்புங்க" என்று சீனியர்களிடம் சொல்லி வைத்திருப்பார்கள். வேலை நமக்குத் தெரியும். "எவ்வளவும்மா?" என்று கேட்கும்போதுதான் வாய் அடைத்துப் போகிறது. "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்கிறோம். அவரும் பார்த்துத்தான் கொடுக்கிறார்!

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் வகுப்பில் பெரும்பாலோர் கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்தவர்கள். எந்தக் கொத்தனாராவது "பார்த்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்திருக்கிறாரா? நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா, டீ யார் வாங்கித் தருவது என்பது வரை முதலிலேயே பேசி விடுவார். வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலி பேசத் தெரிந்த நாம், படித்துச் செய்கிற வேலை என்று வந்ததும் ஊமையாகி விடுகிறோம். படிப்புக்குக் காசு கேட்பது கௌரவக் குறைச்சல் என்று யார் நமக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். "இந்த வயசுல காசு காசுன்னு பேசுறா பாரு" என்ற பேச்சு வேறு.

எங்கள் வீட்டில் அம்மா தையல் வேலை செய்கிறார். எட்டாவது வரை படித்தவர். மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கும். சாதா ப்ளவுஸுக்கு ஒரு ரேட், லைனிங் ப்ளவுஸுக்கு ஒரு ரேட், ஃபால்ஸ் அடிக்கத் தனி, ஆல்டரேஷன் தனி. அளவு ப்ளவுஸில் இருப்பதுபோல் வரவில்லை என்றால் அம்மா காசு வாங்காமல் பிரித்துத் தைத்துத் தருவார். தைத்து முடித்த பிறகு கஸ்டமர் மனசு மாறி, "கை கொஞ்சம் குட்டையா இருந்தா நல்லா இருக்கும்" என்றால் அதற்குக் காசு உண்டு. நம் பிழைக்கு நாம் பொறுப்பு, அவர் மனசு மாறியதற்கு அவர் பொறுப்பு. பிளான் வரைவதற்கும் இதே அட்டைதான் வேண்டும் என்பது என் கருத்து.

இனி கணக்குக்கு வருவோம். 780 சதுர அடியில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போய் மனையை அளந்து வர, பஸ் பயணம் சேர்த்து 3 மணி நேரம். வீட்டுக்காரரோடு பேசி ரஃப் போட 3 மணி. பிளான், எலிவேஷன், செக்ஷன், சைட் பிளான், கதவு ஜன்னல் அட்டவணை, ஏரியா கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் வரைய 11 மணி. கரெக்ஷன் 4 மணி. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க 2 மணி. ஆக மொத்தம் 23 மணி நேரம். இது கை பழகியவருக்கு. முதல் வேலை என்றால் கூடும். ஆனால் நாம் கற்றுக்கொள்வதற்கு ஆகும் நேரத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது, அதை விட்டுவிடுங்கள்.

ஒரு மணிக்கு என்ன வைப்பது? அந்த நேரத்தில் வேறு எதில் எவ்வளவு சம்பாதிப்போம் என்று பாருங்கள். நம் பையன்கள் முகூர்த்த நாளில் கேட்டரிங்குக்குப் போனால் 8 மணி நேரத்துக்கு 600 ரூபாய் வாங்கி வருகிறார்கள். அதாவது மணிக்கு 75 ரூபாய், சாப்பாடு தனி. கற்ற வேலைக்கு அதைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டாமா? நான் 120 என்று வைத்துக்கொள்கிறேன். 23 மணிக்கு 2,760 ரூபாய். பஸ்ஸுக்கு 80, பிரிண்டுக்கு 300 சேர்த்தால் 3,140.

இப்போது ஊர் வழக்கத்தைப் பாருங்கள். "சதுர அடிக்கு 2 ரூபாய் வச்சுக்கம்மா" என்பார்கள். 780 சதுர அடிக்கு 1,560. அதில் பஸ்ஸும் பிரிண்டும் போக மிச்சம் 1,180. அதை 23ஆல் வகுத்தால் மணிக்கு 51 ரூபாய். பந்தி பரிமாறப் போயிருந்தால் 75 ரூபாயும் வாழையிலைச் சாப்பாடும் கிடைத்திருக்கும்!

சதுர அடிக் கணக்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குப் புரியும் மொழி அதுதான். ஆனால் மணிக் கணக்கை மனதில் போட்டுப் பார்த்த பிறகே சதுர அடி ரேட்டை வாயால் சொல்ல வேண்டும். ஏனென்றால் உழைப்பு பரப்பளவைப் பார்த்து வருவதில்லை. நான்கு மூலையும் சரியாக இருக்கும் மனையில் 1,200 சதுர அடி வரைவது சுலபம். ஒரு பக்கம் கோணலாக ஓடும் மனையில் 600 சதுர அடிக்குள் மாடிப்படியையும் பாத்ரூமையும் அடக்குவதற்குள் உயிர் போய்விடும். அதேபோல் மேல் மாடி அப்படியே கீழ் மாடி மாதிரி என்றால், இரண்டு மாடிக்கும் முழு ரேட் வாங்குவதும் நியாயமில்லை. நியாய விலை என்பது இரண்டு பக்கமும்தானே.

கரெக்ஷன் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முதலில் ஹால் பெரிசாக வேண்டும் என்பார். அப்புறம் மச்சான் வந்து பூஜை அறையை மாற்றச் சொல்வார். அப்புறம் வாஸ்து பார்ப்பவர் வந்து சமையலறையைத் தென்கிழக்குக்குத் தூக்கிப் போடச் சொல்வார். சமையலறை நகர்ந்தால் ஜன்னல் நகரும், செக்ஷன் மாறும், குழாய் மாறும். அவர்களுக்கு அது ஒரு பெட்டியை நகர்த்துகிற வேலை. ஆகவே ரஃப் கட்டத்திலேயே, "வாஸ்து பார்க்கிறவரையும் கூட்டிட்டு வாங்க சார், அவரும் பார்த்துச் சொல்லட்டும்" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு கரெக்ஷன் ரேட்டுக்குள் அடக்கம், மூன்றாவதிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லி வைத்தால் மச்சான்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

பேரம் பேசினால் ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "2,500தான் முடியும்" என்றால், "சரிங்க சார், எலிவேஷன் இல்லாம பண்ணித் தர்றேன், பிரிண்ட் நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லலாம். இன்ஜினியர் ஆபீசில் உட்கார்ந்து அவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்தால், அளக்கப் போவதும் பிரிண்டும் நம் செலவில்லை. அங்கே ரேட் குறைவாக இருப்பது நியாயமே.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோகேட் படிப்புக்கு மட்டும்தான், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்த அனுமதியில்லை. லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருளுக்கு அந்தத் தடை கிடையாது. கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

எதற்குக் காசு வாங்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் பதிவு பெற்ற தொழில்முறையாளர்தான் கையெழுத்திட முடியும். நாம் விற்பது வரையும் உழைப்பை மட்டுமே. "அப்படியே பில்லர் சைஸும் கம்பியும் போட்டுடும்மா, 500 சேர்த்துத் தர்றேன்" என்பார்கள். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் குடும்பம் குடியிருக்கப் போகிறது. விசிட்டிங் கார்டு அடிக்கும் ஆசை உள்ளவர்கள் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்கே அந்தப் பெயர் உரியது.

பணம் வாங்கும் முறை சுலபம். பாதி அட்வான்ஸ், மீதி ஒரிஜினல் ஃபைலைக் கொடுக்கும்போது. அதுவரை பி.டி.எஃப். மட்டும் போதும். பேசியதை வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, இலவசம் என்று எண்ணாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. 2,000 ரூபாய்க்காக நாம் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் கேட்பது பிச்சையல்ல என்று தெரிந்தால் குரல் கொஞ்சம் நிமிரும். 18 வயது நிறையாத ஜூனியர்கள் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனவே அவர்கள் சீனியர் ஒருவரையோ வீட்டுப் பெரியவரையோ வைத்துப் பேசுவது நல்லது.

சொந்தக்காரர்களுக்கு என்ன செய்வது? அம்மா சித்தியிடம் தையல் கூலி வாங்குவதில்லை. ஆனால் லைனிங் துணியும் நூலும் சித்திதான் வாங்கி வர வேண்டும். நாமும் பிரிண்ட் செலவையாவது வாங்கிக்கொள்ளலாம். சீட்டில் "கூலி 2,760, தள்ளுபடி 2,760" என்று எழுதிக் கொடுங்கள். செய்த உதவி எவ்வளவு என்று அவருக்கும் தெரியட்டும்.

"பாக்கெட் மணிதானே, 700 கொடுத்தாலும் போதும்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நம் பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் முன்பு முடித்த அக்கா ஒருவர், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வரைந்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு வேலை கொடுக்கும் ஆபீசில் இந்த வருடம், "ஸ்டூடண்ட்ஸே 700-க்குப் பண்றாங்களேம்மா" என்று ரேட்டைக் குறைத்துவிட்டார்களாம். அக்கா கோபப்படவில்லை. "நீங்க மூணு வருஷத்துல போயிருவீங்கடி, ரேட்டு இங்கேயேதான் இருக்கும்" என்றார். நம் பேட்ச்சில் எத்தனை பேர் அடுத்த வருடம் அவர் இடத்தில் உட்காரப் போகிறோமோ!

இதற்காக மூன்றாமாண்டில் நாங்கள் சிலர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். டிபார்ட்மென்ட் லைப்ரரியில் வாசல் பக்கத்து மேஜை டிராயரில் இருக்கிறது. வெளி வேலை செய்த யாரும் அதில் எழுதலாம், பார்க்கலாம். பெயர் வேண்டாம். எத்தனை சதுர அடி, எத்தனை மணி நேரம், எத்தனை கரெக்ஷன், எவ்வளவு வாங்கினீர்கள் என்ற நான்கு மட்டும் போதும். மெக்கானிக்கல் தோழர்கள் சதுர அடிக்குப் பதிலாக ஷீட் எண்ணிக்கையை எழுதுங்கள். இதுவரை 11 பேர் எழுதியிருக்கிறார்கள்.