இருதயம் தளர்ந்தோருக்கும் ஏற்ற தேகப்பயிற்சி

சின்னாளபட்டிக்குத் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தபோது, பல்லாண்டுகள் சங்கத்திற்குச் சேலை நெய்தளித்த மூத்த அங்கத்தினர் ஒருவர் திண்ணையிலேயே முடங்கியிருக்கக் கண்டேன். இருதயம் பலவீனமுற்றிருப்பதாக வைத்தியர் கூறியது முதல், அசையாதிருப்பதே நலமென்று வீட்டார் அவரை அமர்த்திவிட்டனராம். தறி ஓய்ந்தது. சில மாதங்களில் வாசல் வரை நடப்பதற்கே மூச்சு வாங்கலாயிற்று. அன்பினால் செய்த இக்காரியம் சரிதானா என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுவிட்டது என்பதன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல் குறைந்துவிட்டது என்பதே பொருள். முற்காலத்தில் வைத்தியர்களும் இந்நோய்க்குப் பூரண ஓய்வையே விதித்தனர். ஆனால் ஓய்வு நீடித்தால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கும் களைத்துப் போகிறது. 2009-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் அமெரிக்கா, கனடா, பிரான்சு நாடுகளின் 2,331 நோயாளர் பங்குகொண்டனர். நோய் கட்டுக்குள் உள்ளவர்களுக்கு முறையான பயிற்சி தீங்கு விளைவிப்பதில்லை என்று அது காட்டியது.

நெடுந்தூரம் நடக்க இயலாதோர் என் செய்வது? புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மருந்துகளுடன் 12 வாரம் யோகப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிந்தன என 2014-இல் அறிவித்தனர். தாய்-சீ என்னும் நிதானமான சீனப் பயிற்சி மனத்தெம்பை வளர்த்ததாக 2011-இல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று கூறிற்று.

வீட்டில் உறுதியான நாற்காலி ஒன்று போதும். அமர்ந்தவாறே குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்தலாம். முழங்காலை நீட்டி மடக்கலாம். கைகளை மெல்ல ஏற்றி இறக்கலாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுக. பேசிக்கொண்டே செய்ய முடியுமாயின் அளவு சரியென்று அறிக.

வைத்தியரைக் கலவாமல் தொடங்கலாகாது. மூச்சை அடக்குதல், தலைகீழ் ஆசனங்கள், வெங்காய மூட்டை தூக்குதல் ஆகியவை கூடா. நம் சமவெளியின் வெயில் கடுமையானதாகையால் காலை வேளையே உகந்தது. மார்பு வலியோ மயக்கமோ தோன்றினாலும், மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலும், கால் வீங்கினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியரை நாடுக.

அடுத்த தணிக்கையின்போது அப்பெரியவர், வைத்தியர் அனுமதியுடன், நாற்காலியில் அமர்ந்து பயின்றுகொண்டிருந்தார். தறிக்குழியில் மீண்டும் கால் வைக்கலாமா என்பதை வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். ஆயினும் அன்றைய சங்கக் கூட்டத்திற்குத் தாமே நடந்து வந்து, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டார்.