கோணிய விரல்கள் எழுதிய வாழ்க்கை

அந்தப் பள்ளிக்கூடத்தில் தாளும் கிடையாது, பென்சிலும் கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்கள் வடமலாபுரத்துப் பிள்ளைகள். 1918-இல் பிறந்து, அப்படி எழுதப் பழகிய சிறுவன்தான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி.

‘நான் எதற்காகப் பிறந்தேன்?’ என்று இரவில் தூக்கம் தொலைக்கும் இளைஞர்களைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தோடு இறந்துபோனதைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற வைராக்கியம் அங்கே பிறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதை நெருங்கும்போது முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு போயிற்று.

ஆசைப்பட்டது கைவிட்டுப் போன பிறகு, மிச்சமிருந்த வழியில் அவர் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்குள் கத்தியை நிறுத்தப் பழகினார். தன் கைக்குத் தோதான கருவிகளைச் செய்துகொண்டார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அரசு மருத்துவராக இருந்தபோது ஊர் ஊராக முகாம் போனார். புரை விழுந்து, வயல் வேலையும் அடுப்படியும் கைநழுவி, திண்ணையில் ஒடுங்கிக் கிடந்தவர்களை அங்கேதான் பார்த்தார். சிறிய அறுவை சிகிச்சையில் தீரக்கூடிய இருட்டு அது. பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

58 வயதில் ஓய்வு பெற்றார். 1976-இல், தம்பி தங்கைகள் கைகொடுக்க, 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. வசதியுள்ளவர் கட்டணம் கொடுப்பார்; அந்தப் பணத்தில் ஏழைக்கும் பார்வை கிடைக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலையில் எட்டாக்கனியாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே தயாரித்தார்கள். 2006-இல் அவர் மறைந்தார், வேலை நிற்கவில்லை.

தன் வாழ்வின் பொருளை அவர் படுக்கையில் கிடந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றே நம்புகிறேன். எதிரே வந்து உட்கார்ந்தவரின் தேவையில் அது இருந்தது. கையில் எஞ்சியதை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருக்கு விளங்கியது. நமக்கும் கேள்வியை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கலாம்: என்னிடம் மிச்சமிருப்பது யாருக்கு உதவும்?

கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரிப்பார்கள். செவிலியர் கையை உயர்த்திக் கேட்பார்: “பாட்டி, எத்தனை விரல் தெரியுது?”

கண்ணைச் சுருக்கி, உதடசைய, பாட்டி ஒவ்வொன்றாக எண்ணுவாள்.