சேமிப்புக் கணினியின் அச்சாணி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வாக்கு. தேரைக் காண வருவோர் அதன் அலங்காரத்தைப் புகழ்வர். அச்சாணியை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள்ளும் அப்படி ஓர் அச்சாணி உண்டு. அதுவே பவர் சப்ளை. கடைக்காரர்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பர். வீட்டிலுள்ள படங்களையும் குரல்களையும் சேமித்து வைக்கும் சர்வருக்கு ஏற்ற பவர் சப்ளையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் தாத்தா எங்களுக்குக் கதை சொன்னதை அத்தை கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். தாத்தா 2019-ஆம் ஆண்டு காலமானார். அதன் பிறகு அப்பா அக்குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 2023-இல் ஒரு பழைய கம்ப்யூட்டரில் நான்கு ஹார்டு டிஸ்க்குகளைப் பொருத்திச் சேமிப்புச் சர்வர் ஒன்றையும் அமைத்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்குகளில் பதிவாகும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். "இனிப் பயமில்லை" என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம்.

டிஸ்க்குகளுக்கு நிறையப் பணம் செலவானதால், பவர் சப்ளை மட்டும் இருப்பதிலேயே மலிவானதாக வாங்கினோம். அதன் பெட்டியின் மேல் "500 வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்குமேல் நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

சில வாரங்களில் தொல்லை தொடங்கியது. மின்தடை ஏற்பட்டு மின்சாரம் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு டிஸ்க் காணாமற்போகும். டிஸ்க்தான் பழுது என்று எண்ணிப் புதியது வாங்கினோம். அதுவும் அவ்வாறே செய்தது. ஒரு நாள் மாலை தீய்ந்த வாடை வந்தது. திறந்து பார்த்தால் ஒரு பிளக் உருகியிருந்தது. இரண்டு டிஸ்க்குகள் அதன்பின் உயிர்பெறவே இல்லை. ஒன்றுக்கொன்று நகலாக இருந்தவை அவ்விரண்டுமே! தாத்தாவின் குரலும் அவற்றில்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து சோதித்தார். "டிஸ்க்கு மேல குற்றம் இல்லை சார். அதுக்குச் சாப்பாடு பத்தலை" என்றார். அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டவற்றையுமே இங்கே எழுதுகிறோம்.

பவர் சப்ளை செய்யும் வேலை

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். அதை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் நேர்த்திசை மின்னோட்டங்களாக மாற்றித் தருவதே பவர் சப்ளையின் வேலை. ஹார்டு டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட்டும், அதன் மின்சுற்றுக்கு 5 வோல்ட்டும் செல்கின்றன.

நாம் முதலில் உணர வேண்டியது ஒன்றுண்டு. ஒரு டிஸ்க் கெட்டால் அதன் நகல் நம்மைக் காக்கும். ஆனால் பவர் சப்ளையோ எல்லா டிஸ்க்குகளுக்கும் ஒரே நேரத்தில் உணவளிக்கிறது. அது கெட்டால் அசலும் நகலும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். ஆகவே பணத்தைச் சிக்கனப்படுத்தக் கூடாத இடம் இதுவே.

முதல் பத்து வினாடிகள்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்தச் சிறு கணக்கே இங்கும் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு 3.5 அங்குல டிஸ்க்கிற்கு 5 முதல் 8 வாட் போதும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியைத் தள்ளத் தொடங்கும்போது முழுப் பலம் வேண்டும். உருளத் தொடங்கிய பின் ஒரு கை போதும் அல்லவா? டிஸ்க்கும் அப்படியே. நின்ற நிலையிலிருந்து நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 சுற்று என்னும் வேகத்தை எட்டும்வரை, அதற்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர், அதாவது 24 வாட், தேவைப்படும். நான்கு டிஸ்க்குகள் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர்; 96 வாட். மதர்போர்டு, பிராசசர், விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் சேர்த்தால் ஏறத்தாழ 160 வாட் ஆகிறது.

"500 வாட்டில் இது எம்மாத்திரம்?" என்று தோழியர் கேட்கலாம். நாங்களும் அவ்வாறே கேட்டோம். அண்ணன் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையைக் காட்டினார். அதில் 12 வோல்ட்டுக்கு எதிரே 10 ஆம்பியர் என்றே இருந்தது. 12 × 10 = 120 வாட் மட்டுமே! அதில் டிஸ்க்குகளுக்கு 8 ஆம்பியர் போனால், மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 2 ஆம்பியர்தான். ஆகவே பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணை நம்பாமல், அட்டவணையில் 12 வோல்ட்டின் ஆம்பியரையே பார்க்க வேண்டும். டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி சில சர்வர்களில் உண்டு. அவ்வசதி இருப்பின் தொடக்கச் சுமை குறையும்.

மிகப் பெரியதும் வேண்டாம்

அப்படியானால் 1000 வாட் வாங்கிவிடலாமா? அதுவும் தவறு. முதல் பத்து வினாடி கழிந்ததும் நம் சர்வர் 40 வாட் அளவிலேயே நாள் முழுதும் ஓடும். பவர் சப்ளைகள் தம் திறனில் மிகச் சிறிய பங்கே சுமக்கும்போது மின்சாரத்தை வீணாக்குகின்றன.

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய "80 பிளஸ்" என்னும் தரச்சான்று இதற்கு உதவுகிறது. 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு செயல்திறன் இருந்தால் இதன் அடிப்படைச் சான்று கிடைக்கும். அதற்குமேல் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள் உண்டு. எனினும் 10 விழுக்காடு சுமைக்கும் செயல்திறன் அளவு விதிப்பது டைட்டானியம் போன்ற மிக உயர்ந்த படிகளில் மட்டுமே. 1000 வாட் பவர் சப்ளையில் 40 வாட் என்பது வெறும் 4 விழுக்காடு. எனவே தங்கச் சான்று பெற்றதாயினும், அந்நிலையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சான்று கூறாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 வாட் தருவதற்கு, 85 விழுக்காடு செயல்திறன் உள்ளது சுவரிலிருந்து 47 வாட் எடுக்கும். 65 விழுக்காடு உள்ளது 61.5 வாட் எடுக்கும். வேறுபாடு 14.5 வாட். சர்வர் இரவும் பகலும் ஓடுவதால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 127 யூனிட் வெப்பமாக வீணாகும். அவ்வெப்பம் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளையும் குறைக்கும்.

நான்கு டிஸ்க் உள்ள சர்வருக்கு, 12 வோல்ட்டில் 20 ஆம்பியருக்குக் குறையாமல் தரும் 300 வாட் பவர் சப்ளையே போதும் என்பது இதனால் விளங்கும்.

பிளக்குகளும் வயர்களும்

எங்கள் பிளக் உருகியது ஏன்? ஒரே சாட்டா பிளக்கிலிருந்து மலிவான பிரிப்பு வயர் மூலம் நான்கு டிஸ்க்குகளுக்கும் மின்சாரம் கொடுத்திருந்தோம். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள் உண்டு. ஓர் ஊசி தாங்குவது 1.5 ஆம்பியர், மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர். அதன் வழியே 8 ஆம்பியர் பாய்ந்தால் சூடேறாமல் என்ன செய்யும்? ஆகவே பவர் சப்ளையிலிருந்தே போதிய சாட்டா பிளக்குகள் வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் வயர்கள் கொண்ட பவர் சப்ளையாயின், அதனுடன் வந்த வயர்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறொன்றின் வயர் பொருந்துவதுபோல் தோன்றினாலும், உள்ளே ஊசிகளின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்றால் டிஸ்க் கருகிவிடும்.

மின்தடை வரும்போது

நல்ல பவர் சப்ளை மின்சாரம் நின்ற பின்னும் ஏறத்தாழ 16 மில்லி வினாடி தாக்குப்பிடிக்கும். அதற்குள் யூ.பி.எஸ். கைகொடுத்துவிட்டால் சர்வர் அணையாது. சாதாரண இன்வெர்ட்டர் மாறுவதற்கு இதைவிட அதிக நேரம் எடுக்கலாம், யூ.பி.எஸ். நிலைக்கு மாற்றும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். நீண்ட நேர மின்தடையின்போது தானே முறைப்படி நின்றுவிடுமாறு, யூ.பி.எஸ்.ஸைச் சர்வருடன் வயரால் இணைத்து வைப்பது இன்னும் நல்லது.

முடிவுரை

தாத்தாவின் குரல் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே கேசட்டுகளைத் தூக்கிப் போட எண்ணினோம். பாட்டிதான் விடவில்லை. "இருக்கட்டும், அது என்ன சோறா கேட்குது?" என்று தம் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். புதிய பவர் சப்ளை பொருத்திய பிறகு, அவற்றிலிருந்து மீண்டும் பதிவு செய்தோம். ஒரு கேசட்டின் நாடா மட்டும் சிக்கி அறுந்துவிட்டது. அதில் இருந்த கதை போனது போனதுதான்.

ஆகவே அன்புத் தோழியரே! 12 வோல்ட்டின் ஆம்பியரைப் பாருங்கள், சுமைக்கு ஏற்ற அளவை வாங்குங்கள், பிளக்குகளை எண்ணுங்கள். இவற்றோடு, அருமையானவற்றின் ஒரு நகலைச் சர்வருக்கு வெளியேயும் வையுங்கள். அச்சாணி உறுதியாக இருந்தால் தேர் நிலைவந்து சேரும்.